எல்லைத் தாலுகாக்களில் கைப்பேசி வழிப் பஞ்சாயத்து: ஒரு காலநிர்ணயம்

கேரளத்து ஸ்தல ஸ்தாபனங்களில் கணினி புகுந்த வரலாற்றை எழுதுவோர், 1999இல் இன்பர்மேஷன் கேரளா மிஷன் தோன்றியதையும், 2002இல் மலப்புறத்தில் அக்ஷயா என்னும் பொதுக் கணினிச் சேவை மையத் திட்டம் தொடங்கியதையும், 2024 ஜனவரி 1ஆம் நாள் கே-ஸ்மார்ட் என்னும் தளம் கைப்பேசிச் செயலியோடு அரங்கேறியதையும் வரிசையாக நிறுத்தி, பிரஜைக்கும் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் இடையே இருந்த தூரம் படிப்படியே மறைந்தது என்று முடிவு கூறுவது வழக்கமாகிவிட்டது. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் சித்தூர்த் தாலுகாவையும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களையும் நோக்க, இவ்வாசிப்பை நான் ஏற்பதற்கில்லை.

முதலாவது, தேதியே பொருந்தவில்லை. 2024இல் அத்தளம் நகரசபைகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் மட்டுமே வந்தது. கிராமப் பஞ்சாயத்துகளை எட்டியது 2025 ஏப்ரலில். சித்தூர்-தத்தமங்கலம் நகரசபையாருக்கு வாய்த்த வசதி, அதே தாலுகாவின் கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்தாருக்கு ஓராண்டுக்கு மேல் தாமதித்தே கிட்டியது. இடுக்கியிலோ தொடுபுழையும் கட்டப்பனையும் தவிர நகரசபையே இல்லை. தமிழர் மிகுந்த மூணாறு கிராமப் பஞ்சாயத்தே.

ஆயினும் என் முக்கிய ஆட்சேபம் வேறு. எல்லைப்புறத்தில் பிரஜையை ஆபீஸிலிருந்து பிரித்தது தூரம் மட்டுமன்று, பாஷையுமாகும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை, இன்றுள்ள வடிவில் நிதானமாகப் படிக்க வேண்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தலைமைச் செயலகத்தோடும் துறைத்தலைமை அலுவலகங்களோடும், சிறுபான்மைப் பகுதியென அரசு அறிவித்த இடங்களிலுள்ள ஸ்தல ஆபீஸ்களோடும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்பதோடு அது நிற்கவில்லை. பதிலும் அம்மொழியிலேயே செல்ல வேண்டும் என்கிறது. பாதி உரிமை எழுதுவதில், பாதி பதிலில். செயலியின் முகப்பில் ஒரு மொழியைச் சேர்ப்பதால் முற்பாதி ஒருவாறு நிறைவேறலாம், பிற்பாதி நிறைவேறாது.

பிரிவு கூறுவது மாநில அரசின் ஆபீஸ்களையே. பஞ்சாயத்தோ ஸ்வயமாட்சி ஸ்தாபனம் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு வலியது, ஆதாரம் இங்கே மெலிந்திருப்பதை ஒளிக்கவில்லை. ஆனால் பிறப்பையும் இறப்பையும் பதியும் பஞ்சாயத்துச் செயலர், மாநிலத் தலைமைப் பதிவாளரின் கீழ் நின்று பதிவாளராகவே அவ்வேலையைச் செய்கிறார். அவ்வளவிலேனும் அவர் மேசை அரசின் மேசையாகும் என்று நான் வலியுறுத்துகிறேன். லயத்தில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு இதுவே பெரிது. வீடு கம்பெனியுடையதாகையால் கட்டிட அனுமதியும் சொத்து வரியும் அவரைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. குழந்தையின் பெயரும், தகப்பன் பெயரின் முதலெழுத்தும், திருமணப் பதிவுமே அவரைத் தொடுகின்றன. தமிழ் வழக்கில் முன்னால் நிற்கும் முதலெழுத்து கேரளத்தில் பெரும்பாலும் பெயரின் பின்னே போகிறது. ஒரு பதிவில் ஒருவகையாகவும் மற்றொன்றில் வேறுவகையாகவும் நின்றால், பள்ளியிலும் பாஸ்போர்ட் ஆபீஸிலும் அல்லற்படுவது அக்குழந்தையே. மணமக்கள் நேரில் வாராமலே காணொளி வழியாகத் திருமணத்தைப் பதிய இடமளித்த தளத்தின் சாதனையை நான் மனமாரப் போற்றுகிறேன். அந்தத் திறமை இந்த முதலெழுத்தின்பாலும் திரும்பவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆகவே இவ்வட்டாரத்தில் அக்ஷயாவைத் தூரம் குறைத்த ஸ்தாபனமாக மட்டும் எண்ணாமல், தமிழில் சொன்னதை மலையாளத்தில் எழுதித் தரத்தக்க இடையாளின் இருக்கையாகவும் எண்ண வேண்டும். செயலி அவ்விடையாளை நீக்கிற்று என்பதைவிட, அவர் கையில் இன்னொரு கருவியைத் தந்தது என்பதே பொருத்தம்.

காலநிர்ணயத்தில் இடமலக்குடி எனக்குத் தீராத சிக்கல். மூணாறு பஞ்சாயத்திலிருந்து 2010இல் பிரிந்து, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக அமைந்த, முதுவான் பழங்குடியினர் வாழும் அவ்வூரின் ஆபீஸ் நெடுங்காலம் தேவிகுளத்திலேயே இயங்கிற்று. ஊரிலோ கைப்பேசி அலையே அரிதாயிருந்தது. அரசுக் கணக்கில் 2025 என்று எழுதிவிடலாம். முதுவான் ஒருவர் தம் பேச்சில் சொன்ன புகாருக்குத் தமக்குப் புரியும் மொழியில் பதில் பெற்ற ஆண்டையே தொடக்கமாகக் கொள்ள வேண்டுமாயின், அந்த இடத்தை இக்கட்டுரையில் வெற்றாகவே விட்டிருக்கிறேன்.