செரியாமை மருத்துவம்

செரியாமை மருத்துவம் என்பது மேல்வயிற்றில் தோன்றும் எரிச்சல், வலி, உப்புசம், சிறிதளவு உண்டதுமே வயிறு நிரம்பும் உணர்வு ஆகியவற்றைத் தணிக்கும் சிகிச்சை முறைகளின் தொகுப்பு. இரைப்பைப் புண், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, சில வலிநிவாரணி மாத்திரைகள் ஆகியவை செரியாமையின் முக்கியக் காரணங்களில் அடங்கும். சோதனைகளில் காரணம் புலப்படாத வகை 'செயல்பாட்டுச் செரியாமை' எனப்படும்.

நவீன மருத்துவம்: அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த மருந்துகளும் சோடா உப்புத் தூள்களும் சுரந்த அமிலத்தைச் சில நிமிடங்களில் முறிக்கும், பலன் நீடிக்காது. ஃபமோடிடின் அமிலச் சுரப்பைக் குறைக்கும். ஒமிப்ரசோல் சுரப்பின் இறுதிப் படியையே அடைக்கும்; அது உணவுக்கு முன்பு தரப்படுகிறது. கிருமித்தொற்று இருந்தால் ஆன்டிபயாடிக்குகளும் சேரும்.

வரலாறு: அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் பிரிட்டனில் 1976இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் பைலோரி கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாற்று முறைகள்: சித்த மருத்துவத்தின் பஞ்ச தீபாக்கினி சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் ஆகிய ஐந்தும் சேரும். ஓமத்தண்ணீர், சீரகத்தண்ணீர், தீபாவளி இலேகியம் ஆகியவை வீட்டு வழக்கு. புதினா எண்ணெயும் கேரவே விதை எண்ணெயும் சேர்ந்த மருந்து செயல்பாட்டுச் செரியாமையில் ஓரளவு பயன்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்துப்பு சேர்ந்த சூரணங்களில் சோடியம் உண்டு. இரத்த அழுத்த நோயாளிகளுக்கு அது கவனத்துக்குரியது.

எச்சரிக்கைக் குறிகள்: காரணமற்ற எடைக்குறைவு, விழுங்கச் சிரமம், இரத்த வாந்தி, கருமலம். இவற்றுக்கு உடனடி மருத்துவப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் தேவைப்படும்.