கருவறைக்குள் நுழைந்த கேள்வி

கோயிலிலே கருவறை உண்டு. எல்லாரும் அங்கே நுழையலாகாது என்பர். ஆட்சியிலேயும் அப்படியொரு கருவறை நெடுங்காலம் இருந்தது. அதன் பெயர் வெளிநாட்டுக் கொள்கை! போரா, உடன்படிக்கையா, படைக்கல விற்பனையா? யாவும் மன்னனின் தனியுரிமை. பின்னாளில் மன்னன் பெயரால் அமைச்சர் செலுத்தும் உரிமை. வரி கொடுத்தவன் வாய் திறந்தால், "அரசாங்க இரகசியம்" என்ற ஒரே மந்திரம் விடையாக வரும்.

பிரிட்டனிலே அந்தக் கருவறைக்குள் கேள்வி நுழைந்த வரலாற்றை நாம் அறிதல் நலம். 1979-ல் அந்நாட்டுக் காமன்ஸ் சபை, சர்க்கார் இலாகாக்களைக் கண்காணிக்க நிலையான குழுக்களை அமைத்தது. வெளிவிவகாரக் குழு அவற்றுள் ஒன்று. ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் அதிலே ஒன்றாக அமர்வர்; அமைச்சரை அழைப்பர்; அதிகாரியை வினவுவர்; ஏடுகளைக் கேட்பர்; அறிக்கை தருவர். இரண்டு மாதத்திற்குள் சர்க்கார் அதற்குப் பதில் தருவது மரபு.

பயன் என்ன என்பீர்கள். பெர்காவ் அணை பதில் கூறும்!

மலேசியாவின் கெலந்தான் மாநிலத்தில் எழுந்த மின்சார அணை அது. 1988-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர், மலேசியாவுடன் ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையொப்பமிட்டார். படைக்கலம் வாங்கினால், அதன் மதிப்பில் நூற்றுக்கு இருபது வீதம் உதவித் தொகை என்பது அதன் சாரம். பீரங்கிக்கு விலை, ஏழைக்கு என ஒதுக்கிய பணத்திலிருந்து தள்ளுபடி! ஏட்டிலே பின்னர் அந்த இணைப்பு அகற்றப்பட்டது. ஆனால் 1989-ல் தாட்சர் அம்மையார் அணைக்கு உதவுவதாக வாக்களித்தார். 1991-ல் வெளிநாட்டு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் 23 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு ஒப்புதல் தந்தார்.

உதவி இலாகாவின் தலைமை அதிகாரி டிம் லங்காஸ்டர் மறுத்துரைத்தார். பொருளாதார நோக்கில் இந்த அணை தகாது என்றார். எழுத்து மூலமான உத்தரவில்லாமல் பணம் தரேன் என்றார். உத்தரவு வந்தது, பணம் சென்றது. ஆனால் அந்த ஏடு இருந்தது! 1993-ல் தணிக்கை அலுவலகம் செய்தியை வெளியிட்டது. 1994 தொடக்கத்தில் பொதுக் கணக்குக் குழு லங்காஸ்டரை வினவியது. வெளிவிவகாரக் குழு ஹர்டையே சாட்சி நாற்காலியில் அமர்த்தியது. ஆளுங்கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த அந்தக் குழுவே, உதவியையும் படைக்கல வாணிபத்தையும் பிணைத்த செயலைக் குறைகூறி அறிக்கை தந்தது.

அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், அந்தப் பணம் சட்டத்திற்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. 2002-ல் வந்த சட்டம், வறுமை ஒழிப்பே வெளிநாட்டு உதவியின் நோக்கம் என்று வரையறுத்தது.

குழுவின் கையில் வாள் இல்லை; அமைச்சரை இறக்கும் ஆற்றலும் இல்லை. அதனினும் பெரிய குறை, அது பெரும்பாலும் காலங்கடந்து வருவதாகும். 2011-ல் லிபியா மீது நடந்த படையெடுப்பு தவறான கணிப்புகளின்மீது எழுந்தது என்று அதே குழு 2016-ல் உரைத்தது. அன்று பிரதமராயிருந்த டேவிட் காமரன் சாட்சி சொல்ல வரவில்லை. ஐந்தாண்டுகள் கழிந்தபின் வந்த உண்மை, இடிந்த வீட்டைக் கட்டித் தருமா?

ஆகவே, தோழர்களே! குண்டு விழுந்தபின் கேட்கும் கேள்வி வரலாறாகும். விழுமுன் கேட்கும் கேள்வியே காவலாகும். "இரகசியம்" என்ற சொல்லைக் கேட்டதும் கைகூப்புவது பக்தனுக்கு ஏற்றது, குடிமகனுக்கு அன்று. "ஏன், யாருக்காக, யார் பணத்தில்?" என்று கையொப்பத்திற்கு முன்பே கேட்கும் மன்றமே மக்கள் மன்றம்!