வெறுங்காலும் ஈரமண்ணும்

பதுளைக்குப் புகைவண்டி வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டில். அதற்கு வெகுகாலம் முன்னரே பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை மலைச்சரிவுகளில் தேயிலை தழைத்திருந்தது. அதனைத் தழைக்கச் செய்தோரின் பிள்ளைகள் பலர் வெளிறிய முகமும் மெலிந்த உடலுமாய் லயத்து முற்றங்களில் வளர்ந்தனர்.

இச்சோகைக்கு ஒரு பெருங்காரணம் கொக்கிப்புழு. குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும் இப்புழு உடலினுள் எவ்வாறு புகுகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோவில் ஆராய்ந்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானியரின் கையில் புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அவை தோலைத் துளைத்தே நுழைகின்றன என்பது அவ்வாறு வெளிப்பட்டது. மலத்தால் அசுத்தமான ஈரமண்ணில் வெறுங்காலுடன் ஓடியாடும் குழந்தைக்கு இதைவிடக் கொடிய பகை வேறென்ன?

அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையம் 1913இல் சர்வதேச சுகாதாரக் குழுவை அமைத்தது. இலங்கையில் அதன் பணி 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிப் பிற தோட்டப் பகுதிகளுக்கும் பரவிற்று. அக்காலத்தில் இந்நோய்க்கு வழங்கிய மருந்துகளுள் ஒன்று தைமோல். நம் பாட்டிமார் வயிற்றுவலிக்குக் கொடுத்த ஓமத்திலிருந்து எடுக்கப்படுவதுதான் அது! மருந்து புழுவை வெளியேற்றியது. மண்ணையோ அது தூய்மைப்படுத்தவில்லை. மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர். குணமானவர் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர்.

முக்கால் நூற்றாண்டு கடந்தும் இக்கேள்வி தீரவில்லை. 1992இல் இலங்கைத் தோட்டத்துறை முழுவதிலும் நடந்த ஆய்வில், 3 முதல் 12 வயது வரையுள்ள சிறாரிலும் பெண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடற்புழு காணப்பட்டது. மலசலகூட வசதிக்கும் இத்தொற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த சோரன்சன், இஸ்மாயில் முதலியோரின் கட்டுரை 1994இல் அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ இதழில் வெளிவந்தது. அவ்வாண்டு முதல் 2005 வரை தோட்டத்துச் சிறாருக்கு ஆண்டுக்கு இருமுறை மருந்து கொடுக்கப்பட்டது.

மருந்து நின்று நான்கு ஆண்டுகள் சென்றபின், ஐந்து மாவட்டங்களில் 114 பாடசாலைகளைச் சேர்ந்த 1890 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர். 2011இல் வெளியான முடிவின்படி புழு கண்டவர் நூற்றுக்கு 29 பேர். இது பெரும் முன்னேற்றமே. எனினும் உயரம் குறைந்த தோட்டங்களிலும், தாய் போதிய கல்வி பெறாத வீடுகளிலும் தொற்று மிகுந்திருந்தது. வீட்டுச் சுகாதார வசதி குறைந்த இடத்தில் வட்டப்புழுவும் கொக்கிப்புழுவும் அதிகம். மருந்தை மீண்டும் தொடங்குக, அத்துடன் சுகாதார வசதியையும் பெருக்குக என்று ஆய்வாளர் பரிந்துரைத்தனர்.