டிராயருக்குள் இருக்கும் கையெழுத்துகள்

கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தை எங்கள் தொழிலில் ஆர்.ஓ.சி. என்போம். தமிழ்நாட்டில் சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று. கம்பெனிகள் தங்கள் ஆவணங்களை இணையத்திலேயே தாக்கல் செய்யும் எம்.சி.ஏ.21 திட்டத்தை மத்திய அரசு 2006 பிப்ரவரியில் சோதனை முறையில் தொடங்கியது கோவையில்தான். டெல்லிக்கு அது அடுத்த மாதம்தான் போனது. அதுவரை பேலன்ஸ் ஷீட்டை அச்சடித்து, டைரக்டர்களிடம் பேனாவால் கையெழுத்து வாங்கி, கட்டுக் கட்டாக ஆர்.ஓ.சி.யில் கொண்டுபோய்க் கொடுப்போம். ஆடிட்டர் ஆபீஸ் ஊழியர்களான எங்கள் கைக்கு டி.எஸ்.சி. என்கிற டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வந்து சேர்ந்தது அந்தத் திட்டத்தோடுதான்.

இதன் வேர் இன்னும் பழையது. ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சாவி, அதற்கு இணையாக ஊரறிந்த ஒரு பொதுச் சாவி என்ற யோசனையை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டார்கள். இந்தப் பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று எப்படி நம்புவது? 1978இல் எம்.ஐ.டி. மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் தன் இளநிலை ஆய்வேட்டில் வழி சொன்னார்: நம்பகமான ஒருவர் பெயரையும் சாவியையும் சேர்த்துக் கையெழுத்திட்டுத் தரட்டும். அதுதான் சான்றிதழ். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்துக்குப் பேனாக் கையெழுத்தின் மதிப்பைக் கொடுத்தது. சான்றிதழ் வழங்க 2002இல் முதல் உரிமம் பெற்ற சேஃப்ஸ்க்ரிப்ட், சென்னையில் இயங்கும் சிஃபியின் துணை நிறுவனம்.

டி.எஸ்.சி. அடங்கிய சிறு யு.எஸ்.பி. கருவியைத்தான் டோக்கன் என்கிறோம். முதலில் கையெழுத்துக்கு மட்டும் பயன்பட்ட அது, பிறகு வாசற்கதவையும் திறந்தது. வருமான வரித் தளத்தில் கூடுதல் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தால் டி.எஸ்.சி. வைத்து லாகின் செய்யலாம். அரசு டெண்டர் தளங்களும் டோக்கனைக் கேட்கின்றன. யு.எஸ்.பி.யில் செருகினால் திரையில் சான்றிதழ்தாரரின் பெயர் வரும். தேர்ந்தெடுத்துப் பின் நம்பர் போட வேண்டும். தளம் ஏதோ ஓர் எண் வரிசையை அனுப்பும். டோக்கன் தனக்குள்ளேயே அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும். ரகசியச் சாவி டோக்கனைவிட்டு வெளியே வருவதே இல்லை. பின் நம்பரும் இந்தக் கம்ப்யூட்டரைத் தாண்டிப் போவதில்லை. தளத்தின் சர்வரையே ஒருவன் கொள்ளையடித்தாலும் அங்கே அவனுக்குக் கிடைப்பது பொதுச் சாவி மட்டும்தான். பின் நம்பரைச் சில தடவை தப்பாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

இத்தனை கெட்டியான பூட்டை எங்கள் தொழில் எப்படிக் கையாண்டது? எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் ஒரு டிராயரைத் திறந்தால் டோக்கன்கள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயர் எழுதிய ஸ்டிக்கர். சிலவற்றில் அதன் கீழேயே பின் நம்பர். "உங்ககிட்டயே இருக்கட்டுங்க, நான் எங்க வெச்சேன்னு தேடறதுக்குள்ள தேதி போயிருமுங்க" என்பார்கள் எங்கள் வாடிக்கையாளர்களான மில்காரர்கள். பேலன்ஸ் ஷீட் தாக்கலுக்குக் கடைசித் தேதியான அக்டோபர் 30 நெருங்கும்போது எம்.சி.ஏ. தளம் ஊர்ந்து ஊர்ந்து நகரும். நள்ளிரவில் டைரக்டரை எழுப்பி டோக்கனைச் செருகச் சொல்ல முடியாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு ஆடிட்டரிடம் கொடுத்து வைக்கும் பழைய வழக்கம்தான் டோக்கனுக்கும் தொடர்ந்தது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்கிறது. டிராயரிலிருந்து யார் எடுத்து எதில் கையெழுத்திட்டாலும், பதிவேட்டில் ஏறுவது டைரக்டர் பெயர்.

அரசும் இதைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறது. 2018இல் டைரக்டர்களுக்கான கே.ஒய்.சி. படிவம் வந்தபோது, டோக்கனோடு அவரவர் சொந்தக் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கட்டாயமானது. சான்றிதழ் வாங்குபவர் வீடியோவில் முகம் காட்ட வேண்டும் என்றானது. 2021 ஜனவரியிலிருந்து இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நின்று, சரிபார்ப்பு கடுமையான மூன்றாம் வகுப்பு மட்டும் வழங்கப்படுகிறது.

2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஆதரித்த பாஸ்கீயும் இதே இரட்டைச் சாவிக் கணக்குதான். சாவி கைபேசியில், திறப்பது கைரேகையோ முகமோ. நீங்கள் இன்னார் என்று மூன்றாம் ஆள் சான்று சொல்வது மட்டும் அதில் இல்லை. அதனால் கம்பெனித் தாக்கலுக்கு டோக்கன் இன்னும் தேவைப்படுகிறது. கைபேசியை யாரும் ஆடிட்டரிடம் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்பது பாஸ்கீயின் பெரிய பலம்.

பாஸ்வேர்டு திருட்டுக்கு மருந்து பல காலமாக நம் கையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களால் டிராயர் வழக்கத்தை மாற்ற முடியாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களால் முடியும். படிவத்தை நாம் தயாரிப்போம். டோக்கனை டைரக்டரே செருகட்டும், பின் நம்பரை அவரே போடட்டும். அதற்காகத் தாக்கல் வேலையைக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டியிருந்தால், முடிப்போம்.