சட்டாம்பிள்ளை முறை

சட்டாம்பிள்ளை முறை என்பது ஒரு பள்ளியில் பாடங்களில் முன்னேறிய மூத்த மாணவர்கள், ஆசிரியரின் மேற்பார்வையில், இளைய மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை ஆகும். தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இது வழக்கில் இருந்தது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்பவர் இதையொத்த ஒரு முறையைச் செயற்படுத்தினார். அது இங்கிலாந்தில் "சென்னை முறை" எனப் பெயர் பெற்றுப் பல நாடுகளுக்குப் பரவியது. பதின்ம வயதினர் தம்மினும் இளைய பள்ளிக் குழந்தைகளுக்குத் தன்னார்வமாக வழிகாட்டும் இன்றைய முயற்சிகளுக்கு இதனை ஒரு முன்னோடியாகக் கொள்ளலாம்.

பெயர்

மாணவர் தலைவனைக் குறிக்கும் தமிழ்ச்சொல் சட்டாம்பிள்ளை ஆகும். மலையாளத்தில் இதே பொருளில் சட்டம்பி என்னும் சொல் வழங்கியது. கேரளச் சமூகச் சீர்திருத்தவாதியான சட்டம்பி சுவாமிகள் (1853 - 1924) இளமையில் தம் ஆசானின் பள்ளியில் மாணவர் தலைவராக இருந்தமையால் அப்பெயரைப் பெற்றார். பிற்காலத்தில் சட்டம்பி என்னும் சொல் மலையாளத்தில் அடாவடி செய்பவரைக் குறிக்கலாயிற்று. தமிழிலும் பிறர் மீது வலிந்து அதிகாரம் செலுத்துவதைச் சட்டாம்பிள்ளைத்தனம் என்பர். வல்லரசு நாடுகளை "உலகச் சட்டாம்பிள்ளை" என நாளிதழ்கள் எழுதுவதும் உண்டு. கற்பிப்பவனைக் குறித்த சொல் அதட்டுபவனைக் குறிக்கும் சொல்லாக மாறியது, இம்முறையில் அடங்கியுள்ள இடரைக் காட்டுகின்றது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே இருப்பார். வெவ்வேறு வயதினரும் வெவ்வேறு நிலையில் உள்ளோரும் ஒரே இடத்தில் அமர்ந்து கற்றனர். தொடக்க நிலையினர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். அதன் பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி போன்றவை மனப்பாடம் செய்யப்பட்டன. ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் வழக்கத்தில், முதலில் சொல்பவர் ஆசிரியராகவே இருக்கவேண்டிய தேவை இல்லை. அந்த இடத்தை நிரப்பியவனே சட்டாம்பிள்ளை. இளையோரின் பாடத்தைக் கேட்பது, எழுத்தைத் திருத்துவது, ஆசிரியர் இல்லாத வேளையில் ஒழுங்கைக் காப்பது ஆகியன அவன் கடமைகள்.

உ. வே. சாமிநாதையர் தமது தன்வரலாறான என் சரித்திரம் என்னும் நூலில், 19 ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளியின் நடைமுறைகளை விவரித்துள்ளார்.

இப்பள்ளிகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்குழந்தைகள் மிகச் சிலரே கற்றனர். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குழந்தைகளில் மிகப் பலருக்கு இடம் கிடைக்கவில்லை.

பழைய பதிவுகள்

இத்தாலியப் பயணியான பியத்ரோ தெல்லா வால்லே 1623 ஆம் ஆண்டில் கன்னட நாட்டின் இக்கேரிப் பகுதியில் பயணம் செய்தபோது, கோயில் முன்றிலில் சிறுவர் சிலர் ஆசிரியர் இன்றியே ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொண்டு, தரையில் பரப்பிய மணலில் எழுதுவதைக் கண்டு பதிவு செய்தார்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஆம் ஆண்டில் உள்ளூர்ப் பள்ளிகள் பற்றிய கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். அதன் முடிவுகளைத் தொகுத்து 1826 ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆம் ஆண்டில் அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கிய மாணவருக்குக் கற்பிப்பதையும், அதனால் கற்பிப்பவரின் அறிவும் உறுதிப்படுவதையும் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்று குறிப்பிட்டார். இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983 ஆம் ஆண்டில் தரம்பால் வெளியிட்ட நூலின் வழியாக இச்செய்தி பரவலாக அறியப்பட்டது.

எழும்பூரில் ஆண்ட்ரூ பெல்

ஆண்ட்ரூ பெல் (1753 - 1832) ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தவர், கிறித்தவ மதகுரு. 1787 ஆம் ஆண்டில் இந்தியா வந்த அவர், 1789 ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண் அனாதைச் சிறுவர் காப்பகத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர். அவர்களுள் பலருடைய தாயார் இந்தியப் பெண்கள்.

ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைப் பெல் கண்டார். அவர் அதனை "மலபார்" பள்ளி என எழுதினார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் அச்சொல்லால் குறித்தனர். தம் காப்பகத்திலும் மணலில் எழுத்துப் பழக்குமாறு உதவி ஆசிரியரிடம் அவர் கூறியபோது, அது இயலாது என்ற விடையே கிடைத்தது. ஆகவே ஜான் பிரிஸ்கென் என்னும் ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகனான அச்சிறுவன் கடைநிலை வகுப்புக்கு எழுத்துகளை வெற்றியுடன் கற்பித்தான். அதன் பின்னர் பெல் பள்ளி முழுவதையும் மாணவர்களைக் கொண்டே நடத்தலானார்.

1796 ஆம் ஆண்டில் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டில் தம் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூலை லண்டனில் வெளியிட்டார். மணலில் எழுதும் வழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியிலிருந்து பெற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது தமது கண்டுபிடிப்பு என்பது அவர் நிலைப்பாடு. அவ்வழக்கமும் அவர் கண்ட பள்ளிகளில் ஏற்கெனவே இருந்தது என்பதைக் கேம்பெல் போன்றோரின் பதிவுகள் சுட்டுகின்றன. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற செல்வத்தால் 1833 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்று பெயரிடப்பட்டது.

பரவலும் வீழ்ச்சியும்

ஜோசப் லங்காஸ்டர் (1778 - 1838) 1798 ஆம் ஆண்டில் லண்டனின் சதர்க் பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லாமையால் அவரும் மாணவர் தலைவர்களையே நம்பினார். ஒரே ஆசிரியர் இம்முறையால் ஆயிரம் மாணவரை நடத்தலாம் என்று அவர் கூறினார். 1811 ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையினர் தொடங்கிய தேசியச் சங்கம் பெல்லின் முறையை ஏற்றது. லங்காஸ்டரின் முறை நியூயார்க்கிலும் தென் அமெரிக்காவிலும் பரவியது.

செலவு குறைவு என்பதே இதன் முதன்மைக் கவர்ச்சி. வீழ்ச்சிக்கும் அதுவே காரணமாயிற்று. பெரிய கூடங்களில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே பாடம் கட்டளைகளாகச் சொல்லப்பட்டது. தலைவனாக இருந்த சிறுவன் தான் மனப்பாடம் செய்ததற்கு மேல் எதனையும் விளக்க இயலவில்லை. தவறு செய்தவர்களைக் கூடையில் இட்டுக் கூரையில் தொங்கவிடுவது போன்ற அவமானத் தண்டனைகளை லங்காஸ்டர் வகுத்திருந்தார். 1846 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு மாணவ ஆசிரியர் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி 13 வயது நிரம்பிய மாணவர், ஊதியத்துடன் ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் பயிற்சி பெற்றனர். பயிற்சியும் மேற்பார்வையும் இன்றிச் சிறுவர்களிடம் பள்ளியை ஒப்படைக்க முடியாது என்பதை இம்மாற்றம் ஏற்றுக்கொண்டது.

அண்மைக்கால முயற்சிகள்

அறிவொளி இயக்கம்: கோட்டைப்பட்டினம், மணமேல்குடி முதலிய கடற்கரை ஊர்கள் அடங்கிய புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பட்டது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். ஊதியம் பெறாத தன்னார்வலர்களே இதில் கற்பித்தனர். அவர்களுள் மாணவர்களும் இளம்பெண்களும் இருந்தனர். இங்குக் கற்றவருள் பலர் கற்பித்தவரை விட வயதில் மூத்தவர்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதால் இம்மாவட்டத்து இயக்கம் நாடெங்கும் அறியப்பட்டது.

பாபர் அலியின் பள்ளி: மேற்கு வங்காளத்தின் முர்சிதாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த பாபர் அலி, 2002 ஆம் ஆண்டில் தமது ஒன்பதாம் வயதில், பள்ளிக்குச் செல்ல வழியற்ற ஊர்க் குழந்தைகளுக்குத் தம் வீட்டுக் கொல்லையில் பாடம் நடத்தத் தொடங்கினார். பகலில் தாம் பள்ளியில் கற்றதை மாலையில் அவர்களுக்குச் சொன்னார். 2009 ஆம் ஆண்டில் பிபிசி நிறுவனம் அவரை உலகின் மிக இளைய தலைமையாசிரியர் என அறிமுகப்படுத்தியபோது அவருக்கு வயது 16. ஏறத்தாழ 800 குழந்தைகள் அங்குப் பயின்றனர். உடன் கற்பித்தோர் பலரும் பள்ளி மாணவர்களே.

செயல்வழிக் கற்றல்: 2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கப்பட்டுப் பின்னர் தமிழ்நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையில், பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் குழுக்களாக அமர்ந்தனர். அவற்றுள் சில குழுக்கள் ஆசிரியர் துணையுடனும் சில குழுக்கள் சக மாணவர் துணையுடனும் இயங்கின.

இல்லம் தேடிக் கல்வி: கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் இத்திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 8 ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு மாலை வேளைகளில், அவர்களின் குடியிருப்புக்கு அருகிலேயே தன்னார்வலர்கள் கற்பித்தனர். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதால், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்களுக்கும் இதில் இடம் இருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

கற்பிப்பவர் பெறும் பயன்

சொல்லிக்கொடுப்பவரும் கற்கிறார் என்னும் கேம்பெல்லின் கருத்தை, பிற்கால ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. 1960களில் நியூயார்க்கில் ராபர்ட் கிளவர்டு நடத்திய ஆய்வில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வாசிப்புக் கற்பித்தனர். குழந்தைகளின் வாசிப்பு மேம்பட்டது; கற்பித்த மாணவர்களின் வாசிப்பு அதனினும் மிகுதியாக மேம்பட்டது. 1982 ஆம் ஆண்டில் கோஹன், குலிக், குலிக் ஆகியோர் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இருதரப்பினரும் பயன் பெறுவதைக் கண்டனர்.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 52 - 27 = 35 என விடை எழுதுகிறது எனக் கொள்வோம். விடை 25 என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 35 எங்கிருந்து வந்தது எனக் கண்டறிய, அக்குழந்தை ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7-ஐக் கழிக்காமல் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டது என்பதை மூத்த மாணவர் உணரவேண்டும். பின்னர் ஐந்து பத்துக் குச்சிக் கட்டுகளையும் இரு தனிக் குச்சிகளையும் வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டவேண்டும். "கடன் வாங்குதல்" என்று தாம் பழக்கத்தால் செய்துவந்ததன் பொருளை, எட்டாம் வகுப்பு மாணவரும் அப்போதுதான் முழுமையாக அறிகிறார். இக்காரணத்தால், படிப்பில் முதலிடம் பெறுவோர் மட்டுமன்றி நடுத்தர மாணவரும் இப்பணிக்கு ஏற்றவர்கள்.

மற்றொரு பயன் அச்சமின்மை ஆகும். ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் ஐயத்தைக் குழந்தைகள் அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டுவிடுகின்றனர். வீட்டில் படித்தவர் இல்லாத குழந்தைக்கு, அதே தெருவிலிருந்து பத்தாம் வகுப்புக்குச் சென்ற ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதே ஒரு சான்றாக அமைகின்றது.

நடைமுறை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து, பதின்ம வயது வழிகாட்டிகளைக் கொண்டு நடத்தும் வகுப்புகளுக்குப் பின்வருவனவற்றைக் கொள்ளலாம்:

• வழிகாட்டிக்கும் குழந்தைக்கும் இடையே குறைந்தது இரண்டு மூன்று வகுப்புகள் இடைவெளி இருத்தல் நன்று.
• ஒருவரிடம் ஓரிரு குழந்தைகளே ஒப்படைக்கப்பட வேண்டும். எண்ணிக்கை கூடினால் கற்பித்தல் குறைந்து அதட்டல் மிகும்.
• ஒரு நாளைக்கு ஒரு சிறு பாடம் போதும். அதனை ஆசிரியர் முன்கூட்டியே வழிகாட்டியிடம் விளக்கவேண்டும்.
• தண்டிக்கும் அதிகாரம் வழிகாட்டிக்கு இருத்தல் கூடாது.
• வகுப்பு பலர் பார்வையில் உள்ள இடத்தில், பெரியவர் ஒருவரின் பொறுப்பில் நடைபெற வேண்டும்.
• வழிகாட்டியின் சொந்தப் படிப்பு பாதிக்கப்படலாகாது. தேர்வுக் காலத்தில் அவருக்கு விடுப்பு தேவை.

விமர்சனங்கள்

இம்முறை ஆசிரியர் பற்றாக்குறையை மறைக்கும் திரையாகிவிடலாம் என்பது முதன்மையான விமர்சனம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்னும் அளவை வகுத்துள்ளது. தன்னார்வலர் இந்த எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். கற்பிக்கும் பதின்ம வயதினரும் மாணவரே. அவர்களும் கற்பிக்கப்பட வேண்டியவர்கள். லங்காஸ்டரின் பள்ளி இதனை மறந்தது. ஆசிரியர் இருக்கும் இடத்தில் அவருக்குத் துணையாக அமையும்போது இருதரப்பு மாணவரும் பயன் பெறுகின்றனர். ஆசிரியருக்கு மாற்றாக அமையும்போது கற்பித்தல் மறைந்து சட்டாம்பிள்ளைத்தனம் மட்டுமே எஞ்சுகின்றது.