புதுக்கோட்டை மிதிவண்டி இயக்கமும் மூளையின் கற்றலும்

புதுக்கோட்டை மிதிவண்டி இயக்கம் என்பது, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக ஊர்ப்புறப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி (சைக்கிள்) ஓட்டக் கற்றுக்கொண்ட நிகழ்வு ஆகும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதன்வழி மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எழுத்தறிவு, பெண்கள் முன்னேற்றம் ஆகிய துறைகளில் இது பெரிதும் பேசப்படுகிறது. வளர்ந்தவர்களின் மூளை புதிய திறன்களை எவ்வாறு ஏற்கிறது, அச்சம் எவ்வாறு தணிகிறது, பழக்கம் எவ்வாறு நிலைபெறுகிறது ஆகியவற்றை விளக்கவும் இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும். கீழே தரப்படும் நரம்பியல் விளக்கங்கள் பிற இடங்களில் நடைபெற்ற ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டவை.

பின்னணி

புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஆம் ஆண்டு சனவரி 14 அன்று, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்டது. இது மழையையும் கண்மாய்களையும் நம்பிய வறட்சி மிகுந்த பகுதியாகும். வேளாண் கூலி வேலை, கல்குவாரி வேலை, செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுதல் முதலியன இங்குள்ள உழைக்கும் பெண்களின் தொழில்களாக இருந்தன.

இந்திய அரசு 1988 ஆம் ஆண்டில் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 ஆம் ஆண்டில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1991 ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட நிர்வாகம், தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஆகியோர் இதில் பங்கேற்றனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

கற்பவர்களிலும் தொண்டர்களிலும் பெண்களே மிகுதியாக இருந்தனர். ஊர் விட்டு ஊர் செல்ல அவர்கள் பேருந்தையோ, தந்தை, கணவன், உடன்பிறந்தோர் ஆகிய ஆண்களையோ எதிர்பார்க்க வேண்டியிருந்தது. தடையின்றி நடமாட இயலாதவருக்கு எழுத்தறிவின் பயன் முழுமையாகக் கிட்டாது என்னும் எண்ணத்தில், மிதிவண்டிப் பயிற்சி எழுத்தறிவுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

பயிற்சி

வேளாண் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராம செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள், சத்துணவுப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியைகள் எனப் பலதரப்பினரும் பயிற்சி முகாம்களுக்கு வந்தனர். பெண்களுக்கான மிதிவண்டிகள் போதிய அளவில் கிடைக்காமையால், பலர் நடுவில் கம்பி உள்ள ஆண்கள் மிதிவண்டியிலேயே பழகினர். குழந்தையை முன்கம்பியில் அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினர். கற்றுத் தேர்ந்தவர்கள் பிறருக்குக் கட்டணமின்றிக் கற்பித்தனர். அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாடல் ஊர்தோறும் பாடப்பட்டது. மிதிவண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் மாவட்ட நிர்வாகம் முயன்றது.

1992 ஆம் ஆண்டு அனைத்துலகப் பெண்கள் நாளன்று, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலித்தபடி புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிப் பேரணி நடத்தினர். பொது இடங்களில் நடந்த மிதிவண்டிக் காட்சிகளிலும் போட்டிகளிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டனர். சாலையில் மிதிவண்டி ஓட்டிய பெண்கள் தொடக்கத்தில் கேலிப் பேச்சுகளுக்கும் ஆளாயினர்.

மிதிவண்டி ஓட்டுதலும் செயல்முறை நினைவும்

மிதிவண்டி இடப்பக்கம் சாயும்போது கைப்பிடியையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போதுதான் சக்கரங்கள் உடலின் எடைக்குக் கீழே வந்து சமநிலை மீளும். புதிதாகப் பழகுபவர் அச்சத்தால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் திருப்ப முனைவதால் விழுகிறார். நன்கு ஓட்டத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் தாம் இவ்வாறு செய்வதை அறியார். கேட்டால் சொல்லவும் இயலாது. சொல்லால் விளக்க இயலாமல் செய்கையில் மட்டும் வெளிப்படும் இத்தகைய நினைவு செயல்முறை நினைவு எனப்படும்.

நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் பற்றிய நினைவிலிருந்து இது வேறானது என்பதை, எச். எம். என்ற எழுத்துகளால் அறியப்பட்ட ஹென்றி மொலைசன் (1926–2008) என்னும் அமெரிக்கரைப் பற்றிய ஆய்வுகள் காட்டின. வலிப்பு நோய்க்காக 1953 ஆம் ஆண்டில் அவருடைய மூளையிலிருந்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்க இயலவில்லை. ஆயினும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து உருவம் வரையும் பயிற்சியில், மூன்று நாட்களில் அவர் தெளிவாக முன்னேறினார். அதற்கு முன் பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் இதனை 1962 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

செயல்முறை நினைவில் மூன்று பகுதிகள் முதன்மையானவை. சிறுமூளை, எதிர்பார்த்த அசைவுக்கும் நிகழ்ந்த அசைவுக்கும் இடையிலான பிழையைக் கொண்டு அடுத்த அசைவைத் திருத்துகிறது. அடித்தள நரம்புத் திரள்கள் (பேசல் கேங்லியா) தனித்தனி அசைவுகளை ஒரே தொடராகக் கோக்கின்றன. இயக்கப் புறணி தசைகளுக்கு ஆணை அனுப்புகிறது. ஒவ்வொரு முறை விழும்போதும் சிறுமூளைக்குத் திருத்தத்துக்குரிய செய்தி கிடைக்கிறது. ஆகவே விழுவது கற்றலின் ஒரு பகுதியாகும்.

பழகப் பழக, ஒவ்வோர் அசைவையும் எண்ணிச் செய்யும் தேவை குறைகிறது. நெற்றிப்பகுதிப் புறணியின் கவனம் பிற வேலைகளுக்குக் கிடைக்கிறது. முதல் நாள் சாலையைப் பார்க்கவும் இயலாத ஒருவர், சில வாரங்களில் பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் குழந்தை என்று பேசிக்கொண்டே செல்வது இதனாலேயே ஆகும். பயிற்சிக்குப் பின்வரும் உறக்கத்தில் இத்தகைய நினைவு உறுதிப்படுகிறது. எனவே ஒரே நாளில் நெடுநேரம் பழகுவதைவிடப் பல நாட்கள் சிறிது சிறிதாகப் பழகுவது நற்பயன் தரும்.

அச்சமும் தன்னம்பிக்கையும்

புதிதாக மிதிவண்டி ஏறிய பெண்ணுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. ஒன்று கீழே விழுவது, மற்றொன்று பிறர் சிரிப்பது. ஆபத்தை விரைந்து உணர்வதில் அமிக்டலா என்னும் மூளைப்பகுதி முக்கியப் பங்கு வகிக்கிறது. அது தூண்டப்படும்போது இதயத் துடிப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன. இறுகிய கைகளோ சமநிலைக்கு எதிரானவை. இவ்வாறு அச்சமே விழுவதற்கும் ஒரு காரணமாகிறது.

அஞ்சிய ஒன்றைத் தீங்கின்றித் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது அச்சம் தணிகிறது. அப்போது பழைய அச்ச நினைவு அழிந்துவிடுவதில்லை. ‘இது ஆபத்தற்றது’ என்னும் புதிய பாடம் அதன்மேல் பதிகிறது. நெற்றிப்பகுதிப் புறணியின் உட்பகுதி அமிக்டலாவைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் பழகிய ஊர்த்தெருவில் இல்லாத அச்சம், லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் திரும்ப வரலாம். பல்வேறு இடங்களில் பழகுவது இதற்குத் தீர்வாகும்.

‘என்னால் முடியும்’ என்னும் நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977 ஆம் ஆண்டில் விளக்கினார். அவர் கூறிய நான்கு வழிகளும், அவற்றுக்கு ஈடாகப் புதுக்கோட்டையில் காணப்பட்டவையும் வருமாறு:

தானே செய்து பெறும் வெற்றி – முகாம்களில் நாள்தோறும் பழகுதல்.
தன்னைப் போன்றவர் செய்வதைக் காணுதல் – பொதுவிடக் காட்சிகள், போட்டிகள், பேரணிகள்.
பிறர் தரும் ஊக்கம் – பாடல், தொண்டர்கள், உடன் பழகும் தோழியர்.
உடலின் பதற்றம் குறைதல் – கூட்டமாகக் கற்பதால் வந்த துணிவு.

இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்றார் பாண்டுரா. இரண்டாவதில், செய்பவர் தன்னை ஒத்தவராக இருத்தல் வேண்டும். கூலி வேலை செய்யும் ஒரு பெண் மிதிவண்டி ஓட்டுவதைப் பார்ப்பது, அதே வேலை செய்யும் மற்றொரு பெண்ணுக்குத் தரும் நம்பிக்கையை வேறு எவரும் எளிதில் தர இயலாது.

திறனும் பழக்கமும்

திறன், பழக்கம் ஆகிய இரண்டும் ஒன்றல்ல. ஓட்டத் தெரிவது திறன். வேலைக்குச் செல்லும் நேரம் வந்ததும் எண்ணாமலேயே மிதிவண்டியை எடுப்பது பழக்கம். பழக்கத்தில் ஒரு தூண்டலும், அதைத் தொடரும் செயலும், அதன் முடிவில் ஒரு பலனும் உள்ளன. எதிர்பாராத பலன் கிடைக்கும்போது நடுமூளையின் டோபமைன் நரம்பணுக்கள் வலுவாகச் செயற்படுகின்றன. பலனை எதிர்பார்க்கத் தொடங்கியபின், அதை முன்னறிவிக்கும் தூண்டலுக்கே அவை செயற்படுகின்றன. இதனை வொல்ஃப்ராம் சுல்ட்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின.

பழக்கம் நிலைபெறக் காலம் தேவை. இலண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். எளிய அன்றாடச் செயலொன்று தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப இது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. 21 நாட்களில் எப்பழக்கமும் வந்துவிடும் என்னும் பரவலான கூற்றை இம்முடிவுகள் ஆதரிக்கவில்லை.

ஓட்டத் தெரிந்தும் வீட்டில் மிதிவண்டி இல்லாத பெண்ணுக்குத் திறன் இருக்கும், பழக்கம் வராது. ஆகவே வங்கிக் கடனும், மிதிவண்டி கிடைக்கும் வசதியும் பயிற்சியைப் போன்றே இன்றியமையாதவையாகும்.

எழுத்தறிவும் மூளையும்

‘வயதானபின் படிப்பு ஏறாது’ என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வளர்ந்தபின் எழுத்தறிவு பெற்றவர்களின் மூளையைப் பற்றிய ஆய்வுகள் இதற்கு மாறான முடிவுகளைத் தந்துள்ளன. 2010 ஆம் ஆண்டில் ஸ்டனிஸ்லாஸ் டுஹேன் குழுவினர், பிரேசில், போர்த்துக்கல் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 63 பேரின் மூளையை ஆராய்ந்தனர். எழுத்தறியாதவர், வளர்ந்தபின் கற்றவர், சிறுவயதில் கற்றவர் ஆகிய மூவகையினரும் அவர்களுள் இருந்தனர். மூளையின் இடப்பக்கத்தில் பின்புறப் புறணியின் கீழ்ப்பகுதியில் எழுத்துகளை அறிவதற்கான ஒரு பகுதி, வளர்ந்தபின் கற்றவர்களிடமும் உருவாகியிருந்தது. பேச்சொலிகளை மூளை கையாளும் முறையும் மாறியிருந்தது.

இந்தியாவிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. உத்தரப் பிரதேசத்தின் லக்னோ அருகிலுள்ள ஊர்களில், எழுத்தறியாத, பெரும்பாலும் பெண்களான சிலருக்கு ஆறு மாதங்கள் தேவநாகரி எழுத்துக் கற்பிக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் வெளியான இதன் முடிவுகளின்படி, மூளையின் மேற்புறணியில் மட்டுமன்றி, ஆழத்திலுள்ள தலாமஸ், மூளைத்தண்டு ஆகியவற்றுக்கும் பார்வைப் புறணிக்கும் இடையிலான ஒத்திசைவிலும் மாற்றம் காணப்பட்டது.

மறதியும் நிலைத்தலும்

மிதிவண்டி ஓட்டக் கற்றவர் பல ஆண்டுகள் கழித்தும் எளிதில் ஓட்டிவிடுவர். புதிதாகப் பெற்ற எழுத்தறிவு அவ்வாறு நிலைப்பதில்லை. வாசிக்கும் வேகம் கைகூடும் முன்னரே வகுப்பு நின்றுவிட்டால், கற்றவர் மீண்டும் எழுத்தை மறக்கின்றார். அறிவொளி இயக்கத்தைத் தொடர்ந்து தொடர்கல்வித் திட்டங்கள் வகுக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

பயன்படுத்தாத திறனுக்கான மூளை மாற்றங்கள் குறையக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. செருமனியில் நடத்தப்பட்டு 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மூன்று மாதங்கள் பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கப் பழகியவர்களின் மூளையில், அசைவைக் காணும் பகுதியின் சாம்பல்நிறப் பொருள் பெருகியிருந்தது. பயிற்சியை விட்ட மூன்று மாதங்களில் அது குறைந்தது. மூளை மாறும் தன்மை உடையது. எனினும் அம்மாற்றம் நிலைக்கக் கற்றதைப் பயன்படுத்தும் வாய்ப்பு வேண்டும். அவ்வாய்ப்பைத் தருவது சமூகமே.

தாக்கம்

மிதிவண்டி ஓட்டக் கற்ற பெண்கள், பேருந்துக்குக் காத்திராமல் வேலைக்குச் செல்லவும், விளைபொருளைப் பல ஊர்களில் விற்கவும், தண்ணீர் கொண்டுவரவும் முடிந்தது. பொருள்வரவைவிடத் தன்மதிப்பும் சுதந்திர உணர்வும் பெரிதெனப் பலர் கருதினர். பெண் தொண்டர்களுக்கென 50 மொபெட் வண்டிகளுக்கு யுனிசெப் நிறுவனம் ஒப்புதல் அளித்தது.

இதழாளர் பி. சாய்நாத், 1996 ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இவ்வியக்கத்தைப் பற்றி எழுதினார். அக்கட்டுரையின் இந்தி வடிவம் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் எட்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. வெங்கடேஷ் ஆத்ரேயா, ஷீலா ராணி சுங்கத் ஆகியோர் இணைந்து எழுதிய நூலும் 1996 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னாளில் தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப்பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது.

இவற்றையும் பார்க்க

அறிவொளி இயக்கம்
புதுக்கோட்டை மாவட்டம்
செயல்முறை நினைவு
சிறுமூளை
மிதிவண்டி