ஆறு மணி நேரம் பேசிய இரண்டு குடிநோயாளிகள்

"குடிக்காதீங்க, ஈரல் போயிடும்."

எங்க அரசு மருத்துவமனை ஆண்கள் வார்டுல இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்லை. எல்லாரும் தலையாட்டுவாங்க. மூணு மாசத்துல வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளாகி அதே ஆள் அதே வார்டுக்கு வருவார்.

வெறும் அறிவுரை எடுபடாதுன்னு ஒருத்தர் 1935லயே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். அந்தக் கதையைச் சொல்றேன்.

பில் வில்சன். வயது 39. நியூயார்க் பங்குச்சந்தைக்காரர். குடியால வேலை, பணம், மரியாதை எல்லாம் போச்சு. 1934 டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்து குடியை விட்டார்.

விட்டதும் என்ன செஞ்சார் தெரியுமா? ஊர்ல இருக்கிற குடிகாரர்களைத் தேடித் தேடிப் போய் உபதேசம் பண்ணினார். ஐந்து மாசம். ஒருத்தர்கூட திருந்தலை!

அவருக்கு சிகிச்சை தந்த டாக்டர் சில்க்வொர்த், "உபதேசத்தை நிறுத்து" என்றார். மனைவி லோயிஸ் வேறொன்றைக் கவனித்தார். மத்தவங்க யாரும் விடலை, ஆனா நீங்க இன்னும் குடிக்காம இருக்கீங்களே!

1935 மே மாதம். தொழில் விஷயமா ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்குப் போனார் பில். போன காரியம் தோல்வி. கையில் சொற்பக் காசு. தங்கியிருந்த ஹோட்டல் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன்.

போனை எடுத்தார். உள்ளூர் தேவாலயங்களுக்குப் பேசி, "இந்த ஊரில் ஒரு குடிநோயாளியிடம் நான் பேசணும்" என்று கேட்டார். அந்த ஆளைக் காப்பாத்த இல்லைங்க, தன்னைக் காப்பாத்திக்க.

அப்படிக் கிடைச்சவர் ஒரு டாக்டர். பாப் ஸ்மித், 55 வயது, அறுவை சிகிச்சை நிபுணர். மே 12 மாலை, மனைவியின் வற்புறுத்தலால் வந்தார். "15 நிமிஷம்தான்" என்று கறாராகச் சொல்லிட்டு உட்கார்ந்தார்.

ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் எழுந்தார்.

பாப்புக்கு மதுவைப் பத்தித் தெரியாத மருத்துவம் இல்லை. என்னை மாதிரி டாக்டர் எவர் போய் ஈரலைப் பத்திப் பேசியிருந்தாலும் 15 நிமிஷத்துல கிளம்பியிருப்பார். பில் அறிவுரையே சொல்லலை. ஒளிச்சு வச்சுக் குடிச்சது, வீட்ல சொன்ன பொய்கள், காலைல கை நடுங்கினது... வெளிய சொன்னா மானம் போகும்னு நாம மூடி வைக்கிற அத்தனையையும் தன் கதையா சொன்னார். தன் சொந்த அனுபவத்துல இருந்து இதைப் பேசின முதல் ஆள் இவர்தான் என்று பாப் பின்னாளில் எழுதினார்.

அன்னிக்கே திருந்திட்டாரா? இல்லை. சில வாரத்துல மருத்துவ மாநாட்டுக்குப் போய் முட்டக் குடிச்சுட்டு வந்தார். ஆபரேஷன் அன்று காலை கை நடுங்காம இருக்க பில்லே ஒரு பீர் கொடுத்தார் (இன்னிக்கு யாராவது இப்படிச் செஞ்சா முதல் ஆளா நான்தான் சத்தம் போடுவேன்). அதுதான் பாப்பின் கடைசி மது. ஜூன் 10, 1935. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான்.

1950ல் இறக்கும் வரை பாப் சுமார் 5000 குடிநோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்தார்.

2020ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு 10,565 பேரின் தரவுகளை அலசியது. குடியை முழுசா விட்டு நிற்க வைப்பதில் இந்த வழி, மற்ற மனநல சிகிச்சைகளுக்குக் குறைஞ்சதில்லை, சிலதைவிட மேல்.

ஒரு எச்சரிக்கை: தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டில் திடீர்னு நிறுத்தினா வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக்கு வந்து நிறுத்துங்க.

எங்க ஓ.பி.க்கு சுகர் மாத்திரை வாங்க ஒருத்தர் வருவார். குடியை விட்டு நாலு வருஷம். "அந்தக் கேவலத்தை எதுக்கு சார் வெளிய சொல்லிக்கிட்டு" என்பார். போன வாரம், "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் வார்டுக்கு வாங்க" என்று கூட்டிட்டுப் போய், 34 வயசு பையன் ஒருத்தன் பக்கத்துல உட்கார வச்சுட்டு நான் வெளிய வந்துட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழிச்சு எட்டிப் பார்த்தேன். இன்னும் பேசிட்டுத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் மாத்திரைப் பையைத் தூக்கிக் காட்டினார்.

"பஸ்ஸ விட்டுட்டேன் டாக்டர். பரவாயில்ல, இருங்க, பாதில நிக்குது."